வயிற்றுக் காயத்துக்குப் பின் காலந்தாழ்த்தி வரும் பித்தக்கான் ஒடுக்கம்

வயிற்றில் பலமான அடி விழுந்து, அதிலிருந்து தேறி, ஆள் பழையபடி தொழிலுக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஈரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் கான் ஓரிடத்தில் மெல்லச் சுருங்கி அடைபடலாம். காயத்துக்குப் பிந்திய பித்தக்கான் ஒடுக்கம் என்பது இதுவே. பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் இது வெளிப்படும். ஆண்டுகள் கழிந்து வெளிப்பட்ட நோயாளர்களும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளனர். வயிற்றுக் காயங்களில் பித்தத் தொகுதி அடிபடுவதே குறைவு. அடிபட்டாலும் பித்தப்பைதான் அதிகம் கிழியும். கான் மட்டும் தனியே சேதமடைவது மிக அரிது. ஒரு பொது வைத்தியர் தமது தொழிற்காலம் முழுவதிலும் இப்படி ஒருவரைக்கூடக் காணாமல் இருக்கலாம். ஆனால் வந்து சேரும் அந்த ஒருவர் வழக்கமாக இளவயதினர், வேறு நோய் இல்லாதவர், நேரத்துக்கு இனங்கண்டால் முற்றாகக் குணமடையக்கூடியவர். தவறவிட்டால் ஈரலையே இழக்கக்கூடியவர். அதனால்தான் அரிதானது என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

ஈரல் ஒரு நாளில் ஏறத்தாழ 500 முதல் 1000 மில்லிலீற்றர் வரை பித்தத்தைச் சுரக்கிறது. ஈரலின் வலப் பகுதியிலிருந்தும் இடப் பகுதியிலிருந்தும் வரும் இரு கான்கள் ஈரலின் வாயிலில் சேர்ந்து பொது ஈரற்கானாகின்றன. பித்தப்பையின் காம்புக்கான் அதனுடன் இணைந்த பின் அது பொதுப் பித்தக்கான் என்று பெயர் பெறுகிறது. கீழே இறங்கி, முன்சிறுகுடலின் பின்னால் சென்று, சதையியின் தலைப்பகுதிக்குள் புகுந்து, முடிவில் முன்சிறுகுடலுக்குள் திறக்கிறது. இதன் உள்விட்டம் சாதாரணமாக 6 மில்லிமீற்றர் அளவே. இந்தப் பாதையில் மேல் முனை ஈரலோடும் கீழ் முனை சதையியோடும் இறுகப் பிணைந்திருக்க, நடுப்பகுதி மட்டும் ஓரளவு அசையக்கூடியதாக உள்ளது. காயம் எங்கே விழும் என்பதை இந்த அமைப்பே தீர்மானிக்கிறது.

கானின் குருதி வழங்கலையும் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். நோதோவர், தெர்பிளான்ஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வு, கானின் இரு பக்கவாட்டிலும் நெடுக ஓடும் இரண்டு மெல்லிய நாடிகளே அதன் சுவரை உயிரோடு வைத்திருக்கின்றன என்று காட்டியது. குருதியில் ஏறத்தாழ 60 வீதம் கீழிருந்து மேலேறி வருகிறது. 38 வீதம் மேலிருந்து இறங்கி வருகிறது. எஞ்சிய 2 வீதமே இடையில் பக்கத்திலிருந்து வருவது. குடலுக்கு இருப்பதுபோல் அடுக்கடுக்கான மாற்று வழிகள் கானுக்கு இல்லை. இழுபட்டோ நசுங்கியோ இந்த நாடிகள் சேதமானால், கானின் சுவர் கிழியாமல் இருந்தாலும் அந்தப் பகுதி குருதியின்றி வாடும். வாடிய இழையத்தின் இடத்தில் தழும்பு வளரும். தழும்பின் இயல்பு சுருங்குவது. வெளியில் தோலில் ஏற்படும் தழும்பு சுருங்கினால் அழகு கெடும். 6 மில்லிமீற்றர் குழாயைச் சுற்றியிருக்கும் தழும்பு சுருங்கினால் குழாயின் வாயே மூடிவிடும்.

அடி விழும் கணத்தில் நடப்பவை பல. மோட்டார் சைக்கிளின் கைபிடி மேல்வயிற்றில் குத்தும்போது ஈரல் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது, கானின் கீழ் முனையைச் சதையி விடாமல் பிடித்திருக்கிறது, இடைப்பகுதி இழுபடுகிறது. அதே வேளையில் கான் முன்னாலிருந்து வரும் விசைக்கும் பின்னாலுள்ள முள்ளந்தண்டுக்கும் இடையில் நசுங்கலாம். நிறைந்திருந்த பித்தப்பை அமுக்கப்பட்டு, குடலின் வாயில் மூடியிருக்கும் நேரத்தில் பித்தம் கானுக்குள் பீறிட்டு உள்ளமுக்கம் திடீரென உயர்வதும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. பக்கத்திலேயே ஓடும் ஈரல் நாடி வளைந்து நெளிந்து செல்வதால் இழுவைக்கு நீண்டு கொடுக்கிறது. ஈரல்வாயில் நாளம் அகன்றது, நெகிழக்கூடியது. அதனால் பெருங்குருதிக்குழாய்கள் தப்பி, கான் மட்டும் சேதமாவது நடக்கக்கூடியதே. பெரும்பாலான ஒடுக்கங்கள் இரண்டு இடங்களில் காணப்படுகின்றன: கான் சதையிக்குள் நுழையும் மேல்விளிம்பு ஒன்று, ஈரலின் வாயிலில் வல, இடக் கான்கள் சேரும் இடமும் இடக்கானின் தொடக்கமும் மற்றொன்று. அசையும் பகுதி அசையாத பகுதியைச் சந்திக்கும் இடங்கள் இவை.

கான் முற்றாக அறுந்தால் பித்தம் வயிற்றறைக்குள் கொட்டும். அது சில நாட்களிலேயே தெரியவரும். காலந்தாழ்த்தி வரும் ஒடுக்கத்தின் தொடக்கம் இதைவிடச் சிறியது. சுவர் முழுத்தடிப்பில் கிழியாமல் உட்பகுதி மட்டும் பிளந்திருக்கலாம். சுவருக்குள்ளோ வெளியேயோ குருதி கட்டியாக உறைந்து பின்னர் நாராகியிருக்கலாம். மேலே சொன்னபடி நாடிகள் மட்டும் சேதமாகியிருக்கலாம். ஊசித்துளை அளவு ஓட்டையால் பித்தம் சொட்டுச்சொட்டாகக் கசிந்து, சூழவுள்ள இழையங்களை அழற்சிக்கு உள்ளாக்கித் தானாகவே நின்றிருக்கலாம். கிருமி கலவாத பித்தம் முதலில் பெரிய வேதனையைத் தருவதில்லை. லேசான வயிற்று உப்பலோடும் பசியின்மையோடும் நோயாளி வீடு திரும்பிவிடுவார். சதையியின் தலைப்பகுதி காயப்பட்டிருந்தால், அங்கு உருவாகும் வீக்கமோ நீர்க்கட்டியோ வெளியிலிருந்து கானை அழுத்துவதும் உண்டு. ஒரே நோயாளியில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இயங்குவது வழக்கம் என்பதால், எது முதற்காரணம் என்று பின்னாளில் பிரித்துச் சொல்வது பெரும்பாலும் இயலாது.

காயத்தால் கான் கிழிந்த செய்தி மருத்துவ ஏடுகளுக்குப் புதிதல்ல. 1861இல் ட்ரைஸ்டேல் என்ற அமெரிக்க வைத்தியர் அத்தகைய ஒன்றை விவரித்தார். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், வயிற்றுக்குள் குருதிப்பெருக்கு என்று ஐயம் எழுந்தாலே வயிற்றைத் திறந்து பார்ப்பது நடைமுறையாக இருந்தது. கானின் காயமும் அப்போதே கண்ணில் படச் சந்தர்ப்பம் இருந்தது. சி.ரி. ஸ்கான் பரவலான பின், நிலை தளம்பாத ஈரற் காயங்களைச் சத்திரசிகிச்சையின்றிக் கண்காணித்தே ஆற்றும் முறை 1980களிலிருந்து வலுப்பெற்றது. அந்த முறை எண்ணற்றோரைத் தேவையற்ற சத்திரசிகிச்சையிலிருந்து காத்துள்ளது. அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் வயிறு திறக்கப்படாததால் கானை யாரும் நேரில் பார்ப்பதுமில்லை. முதல் நாள் எடுக்கும் ஸ்கான் ஈரலின் வெடிப்பையும் குருதிக் கசிவையும் தெளிவாகக் காட்டும். கானின் உட்சுவரில் விழுந்த கீறலைக் காட்டாது. காலந்தாழ்ந்த ஒடுக்கங்களை எதிர்பார்த்திருக்க வேண்டிய தேவை இதனால் முன்னிலும் கூடியிருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இத்தகைய அடி விழும் வழிகளைத் தேடிப்போக வேண்டியதில்லை. சுன்னாகம், காங்கேசன்துறை வீதியில் யாழ். நகரிலிருந்து சுமார் 10 கிலோமீற்றர் வடக்கே அமைந்த சந்தை நகரம். விடியற்காலையிலேயே மரக்கறி மூடைகளும் வாழைக்குலைகளும் ஏற்றிய மோட்டார் சைக்கிள்கள், முச்சக்கரவண்டிகள், லாண்ட்மாஸ்டர்கள் அந்த வீதியை நிறைக்கின்றன. தலைக்கவசம் சட்டத்தால் கட்டாயமாக இருப்பதால் தலை ஓரளவு தப்புகிறது. வயிற்றுக்கு அப்படி ஒரு காப்பு இல்லை. செம்மண் தோட்டங்களில் லாண்ட்மாஸ்டரின் கைபிடி திருப்பத்தில் துள்ளி வயிற்றில் அறைவது, மாடு உதைப்பது, கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுவது, பனையில் ஏறும் சீவல் தொழிலாளர் தவறி விழுவது ஆகியவையும் இங்கே நடப்பவையே. மரத்திலிருந்து விழுந்தவரிடம் முள்ளந்தண்டு முறிவும் கைகால் முறிவும் முதலில் கவனத்தை இழுத்துக்கொள்ளும். வயிற்றில் பட்ட அடி பேச்சில் வராமலே போகும். சைக்கிள் ஓடப் பழகும் பிள்ளைகளின் மேல்வயிற்றில் கைபிடியின் முனை குத்துவது உலகெங்கும் அறியப்பட்ட காயவகை. தோலில் ஒரு சிறு வட்டக் கண்டலைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஏச்சு விழும் என்று பிள்ளை அதையும் மறைக்கும். 2016இல் நாட்டின் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, காயப்பட்டவர்களை முன்னிலும் விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்க்கிறது. முன்பு வழியிலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் இன்று பிழைக்கிறார்கள். காயத்துக்குப் பிந்திய நோய்கள் பிழைத்தவர்களுக்கே வருபவை.

ஒடுக்கம் ஓர் அளவைத் தாண்டும்வரை உடல் எதையும் காட்டாது. முதலில் வருவது பெரும்பாலும் உடம்பு அரிப்பு, குறிப்பாக இரவில். பிறகு சிறுநீர் தேயிலைச் சாய நிறத்தில் கறுக்கும். மலம் வெளிறிச் சாம்பல் கலந்த களிமண்போல் போகும். கண்ணின் வெள்ளை மஞ்சளாகும். குருதியில் பிலிரூபின் சாதாரண அளவான 1.2 மில்லிகிராமைத் தாண்டினாலும், டெசிலீற்றருக்கு 2.5 அல்லது 3 மில்லிகிராமை எட்டும்போதே கண்ணில் மஞ்சள் தெளிவாகத் தெரியும். தேங்கிய பித்தத்தில் கிருமி புகுந்தால் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், வலப்புற மேல்வயிற்று வலி, மஞ்சள் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும். பிரெஞ்சு வைத்தியர் ஷார்க்கோ 1877இல் விவரித்த மூவறிகுறி இதுதான். இவற்றோடு குருதி அமுக்கம் இறங்கி மயக்கமும் தொடங்கினால் உயிருக்கு ஆபத்து. மணித்தியாலக் கணக்கில் செயற்பட வேண்டிய நிலை அது.

சுன்னாகம்போன்ற ஓர் ஊரில் இந்த அறிகுறிகளைக் கண்டதும் வீட்டார் சொல்லும் பெயர் செங்கமாரி. செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லியை அரைத்துப் பாலிலோ மோரிலோ கொடுப்பது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். வைரசால் வரும் ஈரல் அழற்சி, அதிலும் ஏ வகை, பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் ஆறிவிடும். குணமானதன் பெயர் மூலிகைக்குப் போய்ச்சேரும். இந்த நம்பிக்கையைப் பழிப்பதால் பயனில்லை. எந்த மஞ்சள் ஆறும், எந்த மஞ்சள் ஆறாது என்று பிரித்தறியும் வழியை மக்களிடம் கொண்டுசெல்வதே பயன் தரும். மலம் தொடர்ந்து வெளிறிப் போவது, அரிப்பு தூக்கத்தைக் கெடுப்பது, இரண்டு மூன்று வாரமாகியும் மஞ்சள் கூடிக்கொண்டே போவது ஆகிய மூன்றும் கான் அடைபட்டதைக் குறிக்கும். கான் அடைபட்டால் எந்த மருந்தாலும், ஆங்கில மருந்தாயினும் நாட்டு மருந்தாயினும், அதைத் திறக்க முடியாது.

வைத்தியசாலையிலும் குழப்பம் நேர இடமுண்டு. வடபகுதியில் காய்ச்சலும் மஞ்சளும் ஒன்றாக வந்தால் எலிக்காய்ச்சல் நினைவுக்கு வருவது முற்றிலும் நியாயமே. 2024 டிசெம்பரில் யாழ். மாவட்டத்தில் அது பரவி உயிர்களைப் பறித்தது. 2009இல் வவுனியா முகாம்களில் ஏ வகை ஈரல் அழற்சி பெருமளவில் பரவியது. இத்தகைய சூழலில், ஆறு மாதத்துக்கு முன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஒருவரின் காய்ச்சலும் மஞ்சளும் தொற்றுநோய் வரிசையில் சேர்க்கப்படுவது எளிது. எலிக்காய்ச்சலில் தசைவலியும் கண் சிவப்பும் சிறுநீரகப் பாதிப்பும் முந்திவரும். அரிப்பும் வெளிறிய மலமும் அதன் அடையாளங்களல்ல. ஈரல் வழியாகப் பித்தம் போகும் பாதையை வயிற்று அல்ட்ராசவுண்ட் என்னும் எளிய ஸ்கான் மூலம் பார்த்துவிட்டால் ஐயம் பெரிதும் தீரும்.

ஆய்வுகூட முடிவுகள் கானடைப்பின் சாயலைக் காட்டும். நேரடிப் பிலிரூபின் உயரும். அல்கலைன் பொஸ்பற்றேசும் காமா ஜி.ரி.யும் அதற்கு முன்னரே ஏறியிருக்கும். பல நோயாளிகளில் மஞ்சள் தோன்றுவதற்கு வாரங்களுக்கு முன்பே அல்கலைன் பொஸ்பற்றேஸ் உயர்ந்திருப்பதுண்டு. ஆகவே ஈரற் காயத்தோடு விடுதியிலிருந்தவர் கிளினிக்குக்கு வரும்போது அந்த ஒரு பரிசோதனையைச் செய்துவிடுவது மலிவான, பயனுள்ள காப்பு. வளரும் பிள்ளைகளில் எலும்பு வளர்ச்சியாலேயே அது உயர்ந்திருக்கும் என்பதால், அவர்களில் காமா ஜி.ரி.யைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பித்தம் குடலை எட்டாதபோது கொழுப்பில் கரையும் விற்றமின் கே உறிஞ்சப்படுவதில்லை. குருதி உறையும் நேரம் நீளும். ஊசி மூலம் விற்றமின் கே கொடுத்ததும் அது சீராகிவிட்டால், ஈரல் இன்னும் வலுவோடு இருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று.

அல்ட்ராசவுண்ட் ஸ்கான், ஒடுக்கத்துக்கு மேலேயுள்ள கான்கள் விரிந்திருப்பதைக் காட்டும். ஒடுங்கிய இடத்தைப் பெரும்பாலும் குடல்வாயு மறைத்துவிடும். 1990களின் தொடக்கத்தில் வந்த எம்.ஆர்.சி.பி. என்னும் காந்தப் படமுறை, ஊசியோ மருந்தோ இன்றிப் பித்தமரம் முழுவதையும் படமாக்குகிறது. ஒடுக்கத்தின் இடம், நீளம், அதற்கு மேலுள்ள கான்களின் நிலை ஆகிய மூன்றும் அதில் தெரியும். வடக்கில் இதற்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. போர்க்காலத்தில் காயப்பட்ட பலரின் உடலில் உலோகச் சன்னங்கள் இன்னும் தங்கியுள்ளன. காந்தப் புலத்தில் அவை நகர்ந்து கண்ணையோ நரம்பையோ குருதிக்குழாயையோ சேதப்படுத்தக்கூடும். ஸ்கானுக்கு முன் அதைக் கேட்டறிந்து, தேவையெனில் எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பது கட்டாயம். ஈ.ஆர்.சி.பி. 1968இல் அமெரிக்காவில் முதன்முதலில் செய்யப்பட்டது. வாய்வழியாகக் கமராக் குழாயைச் செலுத்தி, முன்சிறுகுடலில் கான் திறக்கும் வாயினூடாகச் சாயம் ஏற்றிப் படமெடுப்பது அதன் முறை. இன்று அது வெறும் படமெடுப்புக்காக அன்றிச் சிகிச்சைக்காகவே செய்யப்படுகிறது. ஏனெனில் சதையி அழற்சி முதலான பக்கவிளைவுகள் அதற்கு உண்டு.

படத்தில் ஒடுக்கம் தெரிந்த பின் எழும் முதற்கேள்வி: இது தழும்பா, புற்றுநோயா? கானில் வரும் புற்றும் சதையித் தலைப்பகுதியின் புற்றும் இதே படத்தைத் தரலாம். பித்தக்கல், நீடித்த சதையி அழற்சி, காசநோயால் வீங்கிய நிணநீர்க்கணு, எதிர்ப்புசக்திக் கோளாறால் வரும் ஒடுக்கங்கள் என்று பட்டியல் நீளும். புற்றல்லாத ஒடுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை முந்திய பித்தப்பைச் சத்திரசிகிச்சையின் விளைவுகளே என்பதால், வயிற்றில் வெட்டுத்தழும்பு உண்டா என்று எந்த வைத்தியரும் பார்த்துவிடுவார். வெட்டுத்தழும்பு இல்லாத வயிற்றில் விழுந்த பழைய அடியைக் கண் காணாது, கேட்டால்தான் தெரியும். தழும்பு ஒடுக்கம் பெரும்பாலும் குட்டையாக, வழுவழுப்பாக, இருபுறமும் ஒத்துச் சரிந்திருக்கும். புற்று நீளமாக, ஒழுங்கற்ற விளிம்புடன், தடித்த சுவருடன் இருக்கும். ஆனால் விதிவிலக்குகள் ஏராளம். தூரிகையால் சுரண்டியெடுத்த கலங்களில் புற்று தென்படாமை மட்டும் புற்று இல்லை என்பதற்கு உறுதியான சான்றாகாது. ஒடுக்கத்தைப் புற்று என்று நம்பி, சதையியின் தலைப்பகுதியையும் முன்சிறுகுடலையும் சேர்த்து அகற்றிய பின், ஆய்வில் வெறும் தழும்பே கிடைத்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. முப்பது வயதுக்குட்பட்ட ஒருவருக்கு அப்படி ஒரு சத்திரசிகிச்சை தேவையற்றுப் போயிருந்தால் அது வாழ்நாள் இழப்பு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் மிக மலிவான கருவி நோயாளியின் வரலாறு. கடந்த ஓராண்டில் வயிற்றில் அடிபட்டதா, விபத்துக்காக விடுதியில் தங்கினீர்களா என்ற கேள்விகள் போதும். இலங்கையில் விடுதியிலிருந்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும் நோய் நிர்ணய அட்டை கொடுக்கப்படுகிறது. ஈரலில் என்ன காயம், எந்தப் பக்கம், என்ன ஸ்கான் எடுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் அது ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. வீட்டில் அதை வாசிப்பவர் குறைவு. கறையான் தின்றோ வீடு மாறும்போது தொலைந்தோ போகிறது. சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள மானிப்பாயில், அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். 60க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்தியர்களாக்கினார். சத்திரசிகிச்சை நூல் ஒன்றைத் தமிழாக்கி ‘இரண வைத்தியம்’ என 1867இல் வெளியிட்டார். அந்த மண்ணில் இன்று, “மஞ்சள், அரிப்பு, வெளிறிய மலம் கண்டால் இந்த அட்டையுடன் உடனே வரவும்” என்று ஒரு வரியைத் தமிழில் எழுதிக் கொடுப்பது பெரிய காரியமாக இருக்கக்கூடாது. ஈரல் அல்லது சதையிக் காயத்தோடு வெளியேறும் ஒவ்வொருவரின் அட்டையிலும் அந்த வரி இருக்க வேண்டும்.

சிகிச்சையின் முதற்கட்டம் கிருமித்தொற்றை அடக்குவது. நாளத்தில் ஏற்றும் அன்ரிபயோற்றிக், நீர், விற்றமின் கே, தேங்கிய பித்தத்தை வடிப்பது என்பவை எந்த இறுதித் தீர்வுக்கும் முந்தியவை. வடிப்பதற்கு ஈ.ஆர்.சி.பி. வசதி உடனே கிடைக்காவிட்டால், விலா எலும்புகளுக்கிடையே தோல்வழியாக ஈரலுக்குள் மெல்லிய குழாய் செலுத்தி வடிக்கலாம். அடைப்பு நீடித்தால், பித்தம் தேங்கிய ஈரல் படிப்படியாக நாராகிச் சுருணையாகிவிடும். அதன் பிறகு கானைத் திறந்தும் பயன் சிறிது, ஈரல் மாற்றே வழி. ஆகவே சில மாதங்களின் தாமதம்கூட இங்கே பொருட்படுத்தத்தக்கது.

ஒடுக்கத்தையே நீக்க இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று கமரா வழி. ஒடுங்கிய இடத்தில் ஊதுபையால் விரித்து, ஸ்ரென்ற் எனப்படும் குழாயை உள்ளே வைத்துவிடுவது. பிளாஸ்ரிக் ஸ்ரென்ற் 1980 அளவில் ஜேர்மனியில் நடைமுறைக்கு வந்தது. ஒன்றை மட்டும் வைத்தால் எடுத்ததும் ஒடுக்கம் திரும்பிவிடும் என்பது அனுபவத்தில் தெரிந்ததால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி, ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கையைக் கூட்டி, ஏறத்தாழ ஓராண்டு வைத்திருப்பது முறையாகியது. இதற்கு மாற்றாக முழுவதும் உறையிட்ட உலோக ஸ்ரென்ற் வந்தது; அகலமானது, பல மாதங்கள் ஒன்றாகவே வைத்து எடுத்துவிடலாம். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வில் 112 பேர் சேர்க்கப்பட்டனர். ஒடுக்கம் நீங்கியோர் உலோக வகையில் 92.6 வீதம், பிளாஸ்ரிக் வகையில் 85.4 வீதம். உலோக வகைக்குத் தேவைப்பட்ட கமராச் சிகிச்சைகளின் எண்ணிக்கையும் குறைவு. அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஈரல் மாற்றுக்கும் சத்திரசிகிச்சைக்கும் சதையி அழற்சிக்கும் பிந்திய ஒடுக்கமுடையவர்கள். காயத்தால் வந்த ஒடுக்கத்துக்கு இந்த எண்களை அப்படியே பொருத்துவது சரியாகாது. குருதி வழங்கல் அறுந்ததால் வந்த நீண்ட தழும்பு, ஊதுபைக்கு எளிதில் இணங்குவதில்லை. ஈரலின் வாயிலில் இரு கான்களும் சேரும் இடத்தில் உறையிட்ட உலோகக் குழாயை வைத்தால் மற்றக் கானின் வாய் மூடப்படலாம் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

பிளாஸ்ரிக் ஸ்ரென்ற் வைத்தவர் திகதி தவறாமல் திரும்பி வர வேண்டும். மூன்று நான்கு மாதத்தில் அதற்குள் கசடு படிந்து அடைத்துவிடும். பிறகு அதுவே கிருமித்தொற்றின் இருப்பிடமாகும். மஞ்சள் இறங்கி, அரிப்பு நின்று, உடம்பு தேறிய உற்சாகத்தில் கிளினிக் திகதியை விட்டுவிடுவோர் எல்லா நாடுகளிலும் உண்டு. கொழும்புக்கோ ராகமவுக்கோ 400 கிலோமீற்றர் பயணம் செய்ய வேண்டியவருக்கு, தினக்கூலியை இழந்து, துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஆண்டுக்கு நான்கு தடவை போய்வருவது இலகுவல்ல. சிகிச்சை முறையைத் தெரிவுசெய்யும்போது கானின் படத்தோடு இதையும் மேசையில் வைத்துப் பேச வேண்டும். திரும்பி வர இயலாதவருக்கு ஒரே தடவையில் முடியும் சத்திரசிகிச்சை சில வேளை மேலானது.

இரண்டாவது பாதை அந்தச் சத்திரசிகிச்சை. ஒடுக்கத்துக்கு மேலேயுள்ள நலமான கானை, தனியே பிரித்தெடுத்த சிறுகுடல் துண்டோடு இணைப்பது அதன் சாரம். குடலை வை எழுத்து வடிவில் பிரித்து இணைக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் சேசார் ரூ பயன்படுத்தினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. உணவு பித்தக்கானுக்குள் பின்னேறாதிருக்க, பிரித்த குடற்கிளை 40 முதல் 60 சென்ரிமீற்றர் நீளம் விடப்படும். ஒடுக்கம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைக் குறிக்க, ஆன்றி பிஸ்மூத் 1982இல் வகுத்த பிரிவே உலகெங்கும் வழங்குகிறது. கான்கள் சேருமிடத்துக்குக் கீழே 2 சென்ரிமீற்றருக்கு மேல் நலமான கான் எஞ்சியிருந்தால் முதல் வகை, குறைந்தால் இரண்டாவது, சேருமிடம் மட்டும் எஞ்சினால் மூன்றாவது, அதுவும் அழிந்தால் நான்காவது. உயரே போகப்போக இணைப்பது கடினமாகும். அத்தகைய நிலையில் ஈரலின் அடித்தட்டைத் தாழ்த்தி இடக் கானை நீளவாட்டில் திறக்கும் வழியை ஹெப், குயினோ இருவரும் 1956இல் காட்டினர். அகலமான, நல்ல குருதியோட்டமுள்ள இணைப்பு அதனால் சாத்தியமாயிற்று. ஒடுங்கிய துண்டை வெட்டி இரு முனைகளையும் நேராகத் தைப்பது எளிமையாகத் தோன்றினாலும் பயன் தருவதில்லை. விபத்து நேரத்திலேயே அறுந்த கானைப் பற்றி ராவ் ஐவதூரி குழுவினர் 1985இல் தந்த கணக்கில், முனைக்கு முனை தைத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பின்னர் ஒடுக்கம் வந்தது. குடலோடு இணைத்தவர்களில் அது மிகச் சிலருக்கே. கானின் நாடிகள் நெடுக ஓடுபவை என்பதால், குறுக்கே அறுந்த இடத்தைத் தைக்கும்போது தையலின் இரு பக்கமும் குருதி குறைந்தே இருக்கும்.

இந்தச் சத்திரசிகிச்சை, பித்தத் தொகுதியில் தேர்ச்சி பெற்ற கைகளில் செய்யப்படும்போது பத்தில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு நீடித்த நலனைத் தருகிறது. முதல் முயற்சி தவறினால் இரண்டாவதன் வெற்றி குறையும். கான் ஒவ்வொரு தடவையும் குட்டையாகிறது, தழும்பு கூடுகிறது. ஆகவே அடைப்பை வடித்து நோயாளியைத் தேற்றிவிட்டு, அவசரமின்றித் தேர்ச்சி மையத்துக்கு அனுப்புவதே முறை. இலங்கையில் ராகமவிலுள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையில் ஈரல், பித்தத் தொகுதிக்கான சத்திரசிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. தமிழ்நாட்டில் பேராசிரியர் என். ரங்கபாஷ்யம் சென்னை மருத்துவக் கல்லூரியில் குடல், ஈரல் சத்திரசிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்தார். அவர் வழிவந்த நிபுணர்கள் இன்று பல நகரங்களில் உள்ளனர்.

குடலோடு இணைத்த பிறகும் கண்காணிப்பு முடிவதில்லை. மீண்டும் ஒடுங்கும் இணைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வெளிப்படும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் சில வரும். அல்கலைன் பொஸ்பற்றேஸ் மெல்ல ஏறுவதும், காரணமின்றி இடையிடையே குளிருடன் காய்ச்சல் வருவதும் அதன் முன்னறிகுறிகள். சாதாரணக் கமராக் குழாய் பிரித்தெடுத்த குடற்கிளையைக் கடந்து இணைப்பை எட்டுவது கடினம் என்பதால், மீண்டும் ஒடுங்கினால் பெரும்பாலும் தோல்வழியாக ஈரலுக்குள் ஊசி செலுத்தி ஊதுபையால் விரிப்பர். ஆண்டுக்கு இரு தடவை குருதிப் பரிசோதனையும், தேவைக்கேற்ப ஸ்கானும் முதல் ஐந்தாண்டுக்கு வழக்கம். சிறு வயதில் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்த இணைப்பு அறுபது எழுபது ஆண்டுகள் வேலைசெய்ய வேண்டும். அதனால் பிள்ளைகளின் கண்காணிப்பு ஐந்தாண்டோடு நிறுத்தப்படாமல், வளர்ந்தோருக்கான கிளினிக்குக்குக் கையளிக்கப்பட்டுத் தொடர்கிறது.